ஹோயா பூக்கவில்லையா? கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய ஹோயா கொடி, ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் நன்றாகத்தான் இருக்கிறதாம். இலையெல்லாம் தடிமனாக, கரும்பச்சையாக இருக்கிறது. ஆனால் ஒரு பூ கூட வரவில்லை. இலையே இல்லாத நீளத் தண்டுகளை மட்டும் அங்குமிங்கும் நீட்டிக்கொண்டிருக்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்த அவருடைய அத்தை, "நீளமாப் போறதையெல்லாம் வெட்டி விடு, பெரிய தொட்டிக்கு மாத்து, அரிசி கழுவின தண்ணி ஊத்து" என்கிறார். அப்படிச் செய்யலாமா, இல்லை இதை யாருக்காவது கொடுத்துவிட்டு ஒரு மல்லிகையே வாங்கி வைத்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

அவர் அடிப்படையில் கேட்பது இதுதான்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள்ளே, நேர் வெயில் வராத அறையில், வெப்பமண்டலப் பூங்கொடி ஒன்று பூக்குமா? பூக்கும். ஆனால் சோபாவுக்குப் பக்கத்தில் பூக்காது. அத்தை சொன்னது மல்லிகைக்கு நல்ல யோசனை. ஹோயாவுக்கு அதில் முதல் இரண்டும் நேர் எதிர். நான் பல வருடம் நர்சரியிலும், பிறகு அலுவலகக் கட்டடங்களுக்குள் செடி பராமரிக்கும் வேலையிலும் இருந்திருக்கிறேன். நம்மவர்கள் வீட்டில் ஹோயா பூக்காமல் போவதற்கு நான் பார்த்த முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, வெளிச்சக் குறைவு. மற்றது, மல்லிகைக்குச் செய்வதை இதற்கும் செய்வது.

முதலில் இது என்ன செடி என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஹோயா எருக்கின் உறவு. பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கம்பூவின் நடுவில் கிரீடம் மாதிரி ஒன்று நிற்கும் பாருங்கள், ஹோயாப் பூவிலும் அதே அமைப்பு உண்டு. நட்சத்திரத்துக்குள் இன்னொரு நட்சத்திரம். தண்டைக் கிள்ளினால் எருக்கைப் போலவே வெள்ளைப் பால் வடியும். ஆனால் எருக்கு தரையில் வளரும். ஹோயாக்களில் பெரும்பாலானவை காட்டில் மரத்தின்மேல் தொற்றி வளர்பவை. ஹோயா வெர்ட்டிசில்லாட்டா என்ற வகை சிங்கப்பூரின் சொந்தக் கொடியே. மரத்தில் தொற்றி வளரும் கொடியின் வேருக்கு மண் அதிகம் கிடைக்காது. பட்டையின் இடுக்கில் சேர்ந்த கொஞ்சம் மட்கு, மழை பெய்தால் நனைவது, நின்றதும் காற்றில் காய்வது, இதுதான் அதற்குப் பழக்கம். இலை அவ்வளவு தடிமனாக இருப்பதும் அதற்காகத்தான், தண்ணீரை அதில்தான் சேமித்து வைக்கிறது.

இப்போது வெளிச்சம். சிங்கப்பூர் வெயில் ஊர், அதனால் வீட்டுக்குள்ளும் வெளிச்சம் போதும் என்று நினைக்கிறோம். நம் கண்தான் நம்மை ஏமாற்றுகிறது. மேகமில்லாத நண்பகலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளி இருக்கும். நேர் வெயில் விழாத சன்னலை ஒட்டிய இடத்தில் சில ஆயிரம்தான். அங்கிருந்து மூன்று மீட்டர் உள்ளே, சோபா இருக்கும் இடத்துக்கு வந்தால் சில நூறு. புத்தகம் படிக்க அது தாராளம். ஹோயா செத்துப்போகாமல் இருக்கவும் போதும். பூ எடுக்கப் போதாது. எதிர் புளோக் மறைப்பது, மேல்மாடியின் விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பது, சன்னலில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம், மெல்லிய திரை, ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

எந்தத் திசைச் சன்னல் என்பதிலும் குழப்பம் உண்டு. குளிர் நாட்டில் எழுதிய புத்தகங்கள் தெற்குச் சன்னல்தான் சிறந்தது என்று சொல்லும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாவது வாரம் வரை வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. ஆகவே வடக்குச் சன்னலுக்கு ஜூனை ஒட்டிய மாதங்களில் கொஞ்சம் வெயில், தெற்குச் சன்னலுக்கு டிசம்பரை ஒட்டி. அந்த டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றின் மேகம் வேறு மூடிக்கொள்ளும். வருடம் முழுக்க நம்பக்கூடியது கிழக்கும் மேற்கும்தான். கிழக்குச் சன்னலின் காலை வெயில் ஹோயாவுக்கு மிகவும் பிடித்தது, இரண்டு மூன்று மணி நேரம் நேராகப் பட்டாலும் தாங்கும். மேற்கின் பிற்பகல் வெயில் கண்ணாடி வழியாக வந்தால் இலையில் வெளிறிய தீக்காயம் விழலாம். அங்கே கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. காலை பத்து மணிவாக்கில், செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதற்கு ஒரு அடி மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரிகிற மாதிரி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கையா கட்டையா என்று தெரியாத மங்கல் நிழல் என்றால் இலைக்கு மட்டும் போதும். நிழலே இல்லையென்றால் செடி அங்கே பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இறக்கிக்கொள்ளலாம். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் வீட்டுக்குள் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட உதவும். பகலில் பல மணி நேரம் பத்தாயிரம் லக்ஸ் பக்கம் வரும் இடத்தைத் தேடுங்கள் என்று சொல்வேன். இது செடி வளர்ப்பவர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் கணக்கு, வகைக்கு வகை மாறும். இலையும் சொல்லும். கரும்பச்சையாக, ஒரு கணுவுக்கும் அடுத்ததற்கும் நீண்ட இடைவெளியோடு இருந்தால் வெளிச்சம் பற்றவில்லை. நீங்கள் உங்கள் செடியைப் பெருமையாக வர்ணித்த அந்தக் கரும்பச்சைதான் எனக்கு முதல் தடயம். பூக்கிற நிலையில் இருக்கும் ஹோயாவின் இலை கொஞ்சம் வெளிர்பச்சையாக, சில வகைகளில் லேசான செம்மை ஓடி இருக்கும்.

இடத்தை மாற்றும்போது ஒரே நாளில் வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். இருட்டில் உருவான இலை வெயிலுக்குத் தயாராக இருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். சன்னலே உதவாத வீடு என்றால் செடிகளுக்கான எல்ஈடி விளக்கு நல்ல தீர்வு. ஊதா நிறத்தில் எரிவது தேவையில்லை, வெள்ளை ஒளியே போதும், ஹாலில் கண்ணுக்கும் இதமாக இருக்கும். செடிக்கு ஓரடி உயரத்தில் மாட்டி, டைமர் வைத்துத் தினமும் 12 மணி நேரம் எரியவிடுங்கள். இரவிலும் அணைக்காமல் விடுவதால் லாபமில்லை.

அடுத்தது கத்தரிக்கோல். மல்லிகை புதுத் துளிரின் நுனியில் பூப்பது. அதனால்தான் தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்கிறார்கள், வெட்ட வெட்டத் துளிர் வரும், துளிரோடு மொட்டு வரும். முல்லைக்கு ஜனவரி கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் அத்தை கண்ணால் பார்த்து, கையால் செய்து கற்றது அது. ஹோயாவின் கணக்கு வேறு. இலையில்லாமல் நீளும் அந்தத் தண்டு பற்றுக்கொம்பைத் தேடிப் போகிற தலைக்கொடி. பிடிமானம் கிடைத்த பிறகுதான் அதன் கணுக்களில் இலை விரியும், பல வகைகளில் பூக்காம்பும் அதில்தான் வரும். அதை வெட்டினால் செடி திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெட்டாமல், தொட்டியில் ஒரு கம்பி வளையம் நட்டு அதில் சுற்றிவிடுங்கள். தண்டு பிஞ்சாக, வளைகிற பதத்தில் இருக்கும்போதே சுற்ற வேண்டும், முற்றினால் ஒடிந்துவிடும்.

பூக்காம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலர் அதைக் காய்ந்த குச்சி என்று கிள்ளிப் போட்டுவிடுகிறார்கள். இலைக் கணுவுக்குப் பக்கத்திலிருந்து தீக்குச்சி தடிமனுக்கு ஒரு சின்னக் காம்பு கிளம்பும். நுனி மட்டும் கொஞ்சம் தடித்து, சொரசொரப்பாக இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தால், அந்த நுனியில் கடுகைவிடச் சின்னதாகப் புள்ளி புள்ளியாக மொட்டுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது தெரியும். பூ உதிர்ந்த பிறகும் இந்தக் காம்பு அங்கேயே இருக்கும், பெரும்பாலான வகைகளில் அடுத்த முறையும் அதே நுனியிலிருந்துதான் பூக்கும். ஒவ்வொரு முறையும் அது ஒரு நூலளவு நீளும். வாடிய பூவை மட்டும் உதிர்த்துவிடுங்கள், காம்பைத் தொடாதீர்கள். உங்கள் செடியில் இப்படி எதையாவது இதற்கு முன் வெட்டியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

தொட்டியை மாற்றச் சொன்னதும் மல்லிகைக்குச் சரி, அதன் வேருக்கு இடம் வேண்டும். ஹோயா நெருக்கமான தொட்டியில் சௌகரியமாக இருக்கும். வேர் நெருங்கினால்தான் பூக்கும் என்று சிலர் சத்தியமே செய்வார்கள். அதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது, பெரிய தொட்டியில் மண் காயத் தாமதமாகும், காயாத மண்ணில் ஹோயா வேர் அழுகும் என்பது. நெருக்கத்தின் பலன் என்று நினைப்பதில் பாதி, மண் சீக்கிரம் காய்வதன் பலனாக இருக்கலாம். தொட்டி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்தால் மட்டும், ஒரே ஒரு அளவு பெரியதாக மாற்றுங்கள். பைகளில் விற்கும் சாதாரண மண் கலவையை அப்படியே போடாதீர்கள். ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள், தேங்காய் மட்டைத் துண்டு, இவற்றோடு கொஞ்சம் மண் கலவை சேர்த்தால் போதும். விகிதம் பெரிய ரகசியமில்லை. தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். அதற்கு நாள் கணக்கு சொல்ல முடியாது. சன்னலோரத்தில் காற்றாடும் செடியும், குளிர்சாதனம் ஓடும் அறையில் இருக்கும் செடியும் ஒரே மாதிரி காயாது. முற்றிய இலை ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, இரு ஓரங்களும் சேர்கிற மாதிரி மெதுவாக மடக்கிப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்தால் தண்ணீர் வேண்டாம். துணி போல இளகி மடங்கினால் தாகம். விரலை மண்ணில் விட்டு இரண்டு கணு ஆழம் காய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் கீழே வழிகிற அளவுக்கு நன்றாக ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கினால் அது தாகமில்லை, வேர் அழுகல். அப்போது தண்ணீர் ஊற்றுவதுதான் செடியைக் கொல்லும்.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றச் சொல்வார்கள். நம் குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்கு இருப்பது குளோரமின், அது ஒரே இரவில் ஆவியாகிப் போவதில்லை. அந்த அளவு செடிக்குக் கெடுதலும் இல்லை, நேராகவே ஊற்றலாம். அரிசி கழுவிய தண்ணீர் எப்போதாவது ஊற்றினால் தவறில்லை. ஆனால் அதில் பூ வரவைக்கிற சத்து ஒன்றும் பெரிதாக இல்லை, காற்றோட்டமில்லாத அறையில் புளித்து வாடை வரும், சின்னக் கறுப்பு ஈக்களும் வரும். வாழைப்பழத் தோலும் அப்படித்தான். மெதுவாகக் கரையும் உர உருண்டைகளைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி போடுங்கள், வளர்கிற செடிக்கு அது போதும். பூவுக்கென்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூட்டி விற்கும் உரங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. வெளிச்சம் இல்லாத இடத்தில் அவை பூக்க வைத்து நான் பார்த்ததில்லை. வெளிச்சம் இருந்த இடத்தில் அவை இல்லாமலே பூத்தன.

வகையும் முக்கியம். படம் இல்லாததால் உங்களுடையது எது என்று சொல்ல முடியவில்லை. கார்னோசா வகை தென்சீனா, தைவான், ஜப்பான் பக்கத்துச் செடி. இங்கே நன்றாக இலை விடும், பூக்கத் தயங்கும். லீனியாரிஸ் இமயமலைச் சாரலின் குளிருக்குப் பழகியது, நம் ஊர்ச் சூட்டில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. வெர்ட்டிசில்லாட்டா, டைவர்சிஃபோலியா, லாக்குனோசா, ஒபோவாட்டா போன்றவை நம் சூட்டில் சௌகரியமாக இருக்கும். இதய வடிவில் ஒரே ஒரு இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு, காதலர் தின நேரத்தில் விற்பார்களே, அது கெர்ரி வகை. கணு இல்லாமல் இலையை மட்டும் நட்டிருந்தால் அது வேர் விட்டுப் பல வருடம் பச்சையாகவே இருக்கும், ஆனால் கொடியாகவே வளராது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். தண்டும் குறைந்தது இரண்டு கணுவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பூச்சியில் கவனிக்க வேண்டியது இரண்டு. கணு இடுக்கில் பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. எழுபது சதவீத ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து, வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒரே தடவையில் போகாது. துளிரிலும் பூக்காம்பிலும் பளிச்சென்ற மஞ்சளில் மொய்ப்பது அசுவினி, எருக்கில் பார்த்திருப்பீர்களே, அதேதான். குளியலறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி போய்விடும். செடியில் எறும்பு ஏறி இறங்கினால் இந்த இரண்டில் ஒன்று எங்கேயோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பூத்திருக்கும் நேரம் மட்டும் விதிவிலக்கு, அப்போது தேனுக்காகவே எறும்பு வரும்.

மொட்டு கட்டிய பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், மண்ணை அடியோடு காயவும் விடாதீர்கள், குளிர்சாதனக் காற்று நேராகப் படவும் விடாதீர்கள். மொட்டு மஞ்சளாகிக் கொத்தோடு உதிர்ந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். மொட்டு விரிய சில வாரங்கள் ஆகும். விரிந்தபின் ராத்திரியில்தான் வாசனை தூக்கலாக இருக்கும், சில வகைகள் படுக்கையறையில் வைக்க முடியாத அளவுக்கு மணக்கும். தேன் சொட்டும், கீழே மரத்தரை இருந்தால் ஒரு தட்டோ துணியோ போட்டு வையுங்கள்.

மல்லிகை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், ஆனால் ஹாலுக்கு வேண்டாம். மல்லிகைக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் இலை மட்டும் விட்டு, அப்புறம் அதுவும் மெலிந்துபோகும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொள்வதே நிம்மதி. வெயில் விழும் தாழ்வாரம் இருந்தால் அங்கே வைக்கலாம். தீ விபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேற வழி வேண்டுமென்பதால் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டியை வைக்கவே கூடாது, ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தால் கீழே நடப்பவர் உயிர் போகும். மல்லிகையோ ஹோயாவோ, தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் போதும். மேல்மண் இறுகிப்போனாலும் அதன்மேல் தண்ணீர் நிற்கும், அதைக் கிளறிவிடச் சொல்லித்தான் தேசியச் சுற்றுப்புற வாரியமும் வலியுறுத்துகிறது.

உங்கள் ஹோயாவை இந்த வாரம் சோபாவிலிருந்து சன்னல் பக்கம் பாதித் தூரம் நகர்த்துங்கள், மாத முடிவில் சன்னலோரத்துக்கே கொண்டுபோங்கள். நீளத் தண்டுகளை வளையத்தில் சுற்றிவிடுங்கள். சன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும், ஓர் இலை, அதன் பின்பக்கம், ஒரு கணு, இவை தெளிவாகத் தெரியும் படங்களையும் போட்டால் என்ன வகை என்று பார்த்துச் சொல்கிறேன். நல்ல வெளிச்சத்துக்கு வந்தபின் முதல் பூக்காம்பு சில மாதத்தில் வரலாம், இளம்செடி என்றால் இன்னும் ஒரு வருடம் கூட ஆகலாம். அதுவரை கணுக்களை மட்டும் வாரம் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.